மழை பெய்ததால் குளம் வற்றியது

அவரை எனக்குப் பிடிக்காது. பழகிய காலத்திலும் பிடிக்கவில்லை, இத்தனை வருஷம் கழித்து நினைத்துப் பார்க்கும்போதும் பிடிக்கவில்லை.

செஞ்சியில் எல்லோரும் அவரைப் பெரிய டீச்சர் என்றார்கள். ஆள் என்னவோ குள்ளம்தான். பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுத்தார். தலைமையாசிரியை வேறொருவர். ஆனாலும் பெரிய டீச்சர் என்றால் இவர்தான். சுற்று வட்டாரத்துப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ்க் கேள்வித்தாள் தயாரித்தது அவர்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் முதியோர் கல்வி வகுப்புகள் நடந்தபோது, புதிதாக எழுதப் படிக்கக் கற்ற பெரியவர்களுக்குப் பரீட்சை வைத்துத் தேறினார்களா இல்லையா என்று சொல்லும் பொறுப்பும் அவரிடமே போய்ச் சேர்ந்தது. அந்தப் பெரியவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவர்களில் நான் ஒருத்தி. அப்படித்தான் அவரிடம் மாட்டிக்கொண்டேன்.

அதற்கு முன்பே அவரைத் தெரியும். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அவர் கடைத்தெருவில் மெத்தைக் கடை வைத்திருந்தார். ஒருநாள் சாயங்காலம் பெரிய டீச்சர் கடை வாசலில் நின்று மேலே பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ வாங்க வந்திருக்கிறார் என்று அத்தா எழுந்து வந்தார்.

"பாய், இது என்ன எழுதியிருக்கு? படிங்க."

"தலையணைங்க."

"அப்படியா எழுதியிருக்கு? தளையணைன்னு இருக்கு. தளைன்னா என்ன தெரியுமா? கால்ல பூட்டற விலங்கு. விலங்கத் தலைக்கு வெச்சிட்டுத் தூங்கச் சொல்றீங்களா?"

கடையில் கல்யாணச் சீர் வாங்க வந்திருந்த கூட்டம் கொல்லென்று சிரித்தது. அத்தாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் பக்கத்துப் பேச்சில் ல, ள, ழ எல்லாம் ஒன்றோடொன்று கலந்துதான் வரும். பலகை எழுதிய பெயிண்டருக்கும் அப்படித்தான். மறுநாளே அத்தா அந்தப் பலகையைத் திருத்தி எழுத வைத்தார். அதன் பிறகு கடையில் எதை எழுதினாலும் என்னைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் வெளியே கொடுப்பார். பெரிய டீச்சர் தெருமுனையில் வருவது தெரிந்தால் உள்ளே போய்ப் பஞ்சு மூட்டையை எடுத்து வைக்க ஆரம்பிப்பார்.

பெரிய டீச்சர் எந்த ஊர்க்காரர் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. தெற்கே எங்கோ என்பார்கள். 'இன்னா' என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை. கோபத்தில்கூட 'என்ன'தான். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரிடம் பயணச்சீட்டில் ச் எதற்கு என்று கேட்பார். காய்கறிக்காரியிடம் கத்தரிக்காயா, கத்திரிக்காயா என்பார். எதிராளி விழிப்பதைப் பார்த்துவிட்டு, சரியான விடையைச் சொல்லாமலே நடந்துவிடுவார். அதுதான் என்னை எரிச்சல்படுத்தியது. தப்பைத் திருத்துகிறவர்களை எனக்குப் பிடிக்கும். நானும் அதைத்தான் செய்து பிழைத்தேன். இவருக்கு வேண்டியது திருத்தம் இல்லை. ஆள் எங்கே விழுவான் என்று தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்ததும் அந்த ஆள்மேல் அவருக்கு அக்கறை போய்விடும்.

முதியோர் கல்வி வேலையில் சேர்ந்த புதிதில், என் வகுப்புப் பெண்களின் பெயர் விவரம் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். மலைக்குப் போகிற ரோட்டை ஒட்டிய சின்ன ஓட்டு வீடு. வெயில் காலத்தில் மலைப்பாறையின் சூடு அந்தத் தெருவில் இருட்டும் வரை இறங்காது. உள்ளேயிருந்து அவருடைய மகள், பத்துப் பதினொரு வயசுப் பெண், செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். பெரிய டீச்சர் செம்பை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

"தண்ணீர். பிரிச்சுச் சொல்லு."

"தண்மை, நீர்."

"வெந்நீர்?"

"வெம்மை, நீர்."

"செந்நீர்?"

"செம்மை, நீர்."

"கண்ணீர்?"

"கண்மை, நீர்" என்றாள் அந்தப் பெண். சொன்ன உடனேயே உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணோடு நீர் சேர்ந்தால் கண்ணீர். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. முதல் மூன்று கேள்விகள் அவளை ஒரே தடத்தில் ஓட்டிக்கொண்டு வந்து தள்ளிவிட்டிருந்தன.

பெரிய டீச்சர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "மூணு ஒரே மாதிரி கேட்டா நாலாவது தானா விழும். பார்த்தியா?" என்றார். அப்புறம்தான் செம்பை உயர்த்தித் தண்ணீரைக் குடித்தார். மகள் சுவரோரமாக நின்று, அம்மா குடித்து முடிப்பதற்காகக் காத்திருந்து, செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகு எத்தனையோ முறை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். கேட்ட கேள்விக்கு விடை சொல்வதைத் தவிர அந்தப் பெண் தானாக எதையும் பேசி நான் கேட்டதில்லை.

என் வகுப்பு செஞ்சியை அடுத்த வல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் நடந்தது. பொழுது சாயும் நேரத்தில் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் பெண்கள் வந்து உட்காருவார்கள். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையைப் பிடுங்கும் காலத்தில் நகக்கண்ணில் செம்மண்ணோடுதான் பலகையைத் தொடுவார்கள். அவர்களில் பச்சையம்மாள் என்று ஒருத்தி. நாற்பது வயசிருக்கும். ஒருநாள்கூடத் தவறாமல் வருகிறவள் அவள்தான். ஊருக்குப் பால்வாடி வரப்போகிறது, எழுதப் படிக்கத் தெரிந்த பெண் ஒருத்திக்கு ஆயா வேலை கிடைக்கும் என்று பேச்சிருந்தது. கூலி வேலைக்குப் போய் இடுப்பு ஒடிந்த பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முதியோர் கல்விப் பரீட்சையில் தேறினால் அவளுக்கே கிடைத்துவிடும் என்று நான்தான் ஆசை காட்டினேன்.

பரீட்சை செஞ்சியில், பெரிய டீச்சரின் பள்ளிக்கூடத்தில் நடந்தது. ஒவ்வொருத்தியாக மேசை முன்னால் போய் நின்று, அட்டையில் எழுதியிருக்கும் வாக்கியங்களைப் படிக்க வேண்டும். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பச்சையம்மாள் முதல் இரண்டு அட்டைகளைத் தயங்கித் தயங்கிப் படித்துவிட்டாள். மூன்றாவதைக் கையில் எடுத்ததும் அவள் முகம் தெளிந்தது.

"மழை பெஞ்சதால கொளம் ரொம்பிச்சு" என்றாள், பளிச்சென்று.

பெரிய டீச்சர் பெருக்கல் குறி போட்டார். அடுத்தவளைக் கூப்பிட்டார். அவளும் குளத்தை ரொப்பினாள். அதற்கடுத்தவள் குளத்தை வழியவிட்டாள். கடைசியில் என் வகுப்பில் தேறியவர்கள் இரண்டே பேர். இருவரும் சின்ன வயசில் கொஞ்ச காலம் பள்ளிக்கூடம் போனவர்கள்.

எல்லோரும் போன பிறகு அந்த அட்டையை வாங்கிப் பார்த்தேன். 'மழை பெய்ததால் குளம் வற்றியது' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது.

"டீச்சர், இது ஏமாத்து வேலை" என்றேன். அவரிடம் அப்படி யாரும் பேசியதில்லை என்று நினைக்கிறேன். அவர் கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார்.

"எது ஏமாத்து? எழுதியிருக்கறதப் படிக்கச் சொன்னேன். அவ மனசுல இருக்கறதப் படிக்கச் சொல்லல."

"மழ பெஞ்சா கொளம் எப்பிடி வத்தும்?"

"வத்தாது. அதனாலதான் எழுதினேன். நிரம்பியதுன்னு எழுதியிருந்தா, அவ படிச்சாளா, ஊகிச்சாளான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அப்போது அவர் முகத்தில் ஒரு ஒளி வந்ததை நான் மறைக்கக் கூடாது. மேசை இழுப்பறையைத் திறந்து அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். ஒன்றாம் வகுப்புக்கு வைத்த அட்டையில் காக்காய் படம், கீழே 'காது' என்று எழுத்து. குழந்தைகள் எல்லோரும் காக்கா என்றுதான் படிப்பார்களாம். ஐந்தாம் வகுப்புக்குப் பாடப் புத்தகத்திலிருந்தே ஒரு பத்தி. உழவர் காலையில் வயலுக்குப் போகிறார் என்று பாடத்தில் இருக்கும். இவர் ஒரே ஒரு சொல்லை மாலை என்று மாற்றிவிடுவார். பிள்ளைகள் காலை என்றே படித்துக்கொண்டு போவார்கள்.

"ஆறு வயசு படத்தைப் பார்க்கும். பத்து வயசு மனப்பாடத்தைப் பார்க்கும். நாப்பது வயசு அனுபவத்தைப் பார்க்கும். எழுத்தை மட்டும் யாரும் பார்க்கறதில்ல. ஒவ்வொரு வயசுக்கும் விழற இடம் வேற வேற. அந்த இடத்துல கேட்டாத்தான் அது கேள்வி."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த அட்டைகளில் இருந்தது சாதாரண விஷயம் இல்லை. இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் நான் பாடம் நடத்திய முறையே மாறியிருக்கும்.

"இவ்ளோ தெரிஞ்சி வெச்சிருக்கீங்களே டீச்சர், எங்களுக்கு மொதல்லயே சொல்லியிருந்தா நாங்க அத பாத்து சொல்லிக் குடுத்திருப்போமே?"

"சொல்லிக் கொடுக்கறது உன் வேலை. என் வேலை கேக்கறது" என்று இழுப்பறையை மூடினார்.

அவர் நேர்மையானவர், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஊர்ப் பெரியவர் தன் மருமகளுக்காக ஒரு மூட்டை மல்லாட்டையோடு அவர் வீட்டுக்குப் போய், மூட்டையோடு திரும்பி வந்தார். மருமகளும் குளத்தை ரொப்பினவள்தான், அவளுக்கும் பெருக்கல் குறிதான் கிடைத்தது. டீச்சர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

நான் புகார் எழுதினேன். பெரியவர்களுக்கு இப்படிப்பட்ட பரீட்சை தகாது, பஸ் போர்டும் ரேஷன் கடைப் பலகையும் படிக்கத் தெரிகிறதா என்றுதான் பார்க்க வேண்டும் என்று எழுதினேன். மேலதிகாரி ஒருவர் விசாரிக்க வந்தார். நல்ல மனுஷர், என் பக்கம் சாய்ந்தாற்போலத்தான் பேசினார். பெரிய டீச்சர் முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்த ஊருக்கே போவோம் சார். அவங்க வாழ்க்கையில இருக்கற பொருளையே வெச்சுப் பார்ப்போம்" என்றார். நான் சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

ஜீப் ஊருக்குள் போனதும் கூட்டம் கூடிவிட்டது. வேப்பமரத்தடியில் அதிகாரிக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். பச்சையம்மாளைக் கூப்பிட்டு வந்தார்கள். களத்திலிருந்து அப்படியே வந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள், வேலை விஷயமாகத்தான் வந்திருக்கிறார்கள் என்று. அவள் வீட்டுக்காரரும், அஞ்சாவது படிக்கிற மகளும் கூட்டத்தில் நின்றார்கள்.

பெரிய டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். ஆஸ்பத்திரியில் இருமல் மருந்து ஊற்றிக் கொடுப்பார்களே, அதே மாதிரிப் பழுப்பு நிறப் பாட்டில். அதில் ஒரு தாள் ஒட்டி, பெரிய எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது.

"பச்சையம்மா, பால்வாடியில ஒரு குழந்தைக்கு உடம்பு சரியில்ல. இந்த மருந்தைக் கொடுத்துட்டுப் போயிருக்காங்க. என்ன எழுதியிருக்குன்னு படிச்சு, எப்படிக் கொடுப்பேன்னு சொல்லு."

பச்சையம்மாள் பாட்டிலை வாங்கினாள். முந்தானையால் துடைத்தாள். எழுத்தின்மேல் விரலை ஓட்டினாள். அவள் உதடு அசைந்தது. எனக்கு அங்கிருந்து எழுத்துத் தெரியவில்லை.

"மூணு வேள... ஒரு மூடி... சோறு துன்னப்பறம் குடுக்கணும்" என்றாள்.

பெரிய டீச்சர் பாட்டிலை வாங்கி அதிகாரியிடம் கொடுத்தார். அவர் உரக்கப் படித்தார்: "குடிக்கக் கூடாது. மேலே தடவவும்."

கூட்டத்தில் ஒருவன், "அய்யய்யோ, ஊர்ல இருக்கற புள்ளைங்கள எல்லாம் கொன்னுடுவ போலருக்குதே" என்றான். சிரிப்பு ஆரம்பித்தது. பச்சையம்மாளின் வீட்டுக்காரர், "படிக்கப் போறேன் படிக்கப் போறேன்னு தெனம் பூட்டியே, இதான் படிச்சியா?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டினார். பச்சையம்மாள் காலி கையைப் பார்த்தபடி நின்றாள். அவள் மகள் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. பெரிய டீச்சரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரிய டீச்சர் சிரிப்பை அடக்கச் சொல்லவில்லை. பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"நீ சொன்ன மாதிரி நான் பாஸ் போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

அவர் கேட்டது சரியான கேள்வி.

"அத உள்ள வெச்சிக் கேட்டிருக்கலாமே டீச்சர். தனியா கூப்ட்டு."

"தனியாக் கேட்டா நீ நம்பியிருக்க மாட்டே. சாரும் நம்பியிருக்க மாட்டார்" என்றார். ஜீப்பில் ஏறி உட்கார்ந்து புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டார். நான் அந்த ஜீப்பில் ஏறவில்லை. பஸ்ஸுக்காக வெயிலில் ரோட்டுக்கு நடந்தேன்.

வேலை பக்கத்து ஊர்ப் பெண்ணுக்குப் போனது. பச்சையம்மாள் வகுப்புக்கு வருவதை நிறுத்தினாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் நின்றார்கள். வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். மல்லாட்டை உரித்துக்கொண்டே, நிமிராமல், "வேணாம் டீச்சர். படிக்காம இருந்தப்ப ஒருத்தரும் என்னப் பாத்து சிரிச்சதில்ல" என்றாள்.

நான் அதன் பிறகு பாடம் நடத்திய விதம் மாறிவிட்டது. மருந்துப் பாட்டிலில் ஒட்டியதை முதல் மாதத்திலேயே படிக்க வைத்தேன். ஊகிக்க முடியாத வாக்கியங்களை எழுதிப் போட்டு, மாடு மரம் ஏறியது என்று அவர்கள் படித்துவிட்டுச் சிரிக்கும்படி செய்தேன். என் வகுப்புப் பெண்கள் தேறினார்கள். யாரிடமிருந்து இதைக் கற்றுக்கொண்டாய் என்று ஒருவர் கேட்டபோது, நானாகத்தான் யோசித்தேன் என்று சொன்னேன். அந்தப் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை.

இரண்டொரு வருஷம் போயிருக்கும். வல்லத்தில் ஒரு ரேஷன் கடை வரிசையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். வாசலில் கரும்பலகையில் சாக்கட்டியால் ஏதோ எழுதியிருந்தது. வரிசையில் ஒருத்தி பின்னால் நின்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "சக்கர இல்லயாம். பாமாயிலு திங்கக்கெழமதான். மண்ணெண்ண... அட்டைக்கி... பாதிதானாம்." அந்தக் குரல் எனக்குத் தெரியும். பலகையைப் பார்த்தேன். மண்ணெண்ணெய் எப்போதும் கொடுக்கிற அளவில் பாதிதான் என்று அன்றைக்குத்தான் எழுதியிருந்தார்கள். அதை யாராலும் ஊகித்திருக்க முடியாது.

"பச்சையம்மா!" என்றேன்.

அவள் திடுக்கிட்டுப் பேச்சை நிறுத்தினாள். என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"ஆரு சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"எம் பொண்ணுதான். அன்னிக்கி வூட்டுக்கு வந்த ஒடனே புஸ்தகத்த எடுத்துகினு குந்திடுச்சி. வுடவே இல்ல." சொல்லும்போது அவள் முகம் மலர்ந்தது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆருகிட்டயும் சொல்லாத டீச்சர். தெரிஞ்சா மறுபடியும் பரீட்ச வெக்க வந்துடுவாங்க."

சொல்ல மாட்டேன் என்றேன்.

பெரிய டீச்சரைக் கடைசியாகப் பார்த்தது எண்பதுகள் முடியும் தறுவாயில், ஒரு அமாவாசை நாளில். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற ஸ்பெஷல் பஸ்களுக்கு ஜனம் முட்டி மோதிக்கொண்டிருந்தது. நான் விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தேன். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனவர், ஏதோ வேலையாக வந்திருக்கிறார் போலிருக்கிறது. இளைத்திருந்தார். தனியாகத்தான் வந்திருந்தார். மகள் எங்கே என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. என்னை அடையாளம் கண்டு ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை.

"அந்தப் பொம்பளை, பச்சையம்மா. அப்புறம் படிச்சாளா?"

நான் கையிலிருந்த சில்லறையை எண்ணினேன்.

"படிச்சிருப்பா. அந்த மாதிரிப் பொம்பளைங்க விட மாட்டாங்க. படிச்சாளா, இல்லையா?"

கீழே கூட்டம் அவரை இடித்துக்கொண்டு போனது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்குத் தெரியாதா, சொல்ல மாட்டியா?" என்றார். அவர் குரலில் அதட்டல் இல்லை. அவருக்கு உண்மையாகவே தெரிந்தாக வேண்டியிருந்தது. விடை தெரியாமல் அவர் கேட்ட கேள்வி அது ஒன்றுதான், நான் அறிந்த வரையில்.

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். பெரிய டீச்சர் இரண்டடி கூடவே நடந்து வந்தார். நான் பர்தாவை இழுத்து விட்டுக்கொண்டு, டிக்கெட் எடுக்க கண்டக்டர் பக்கம் திரும்பினேன்.